ரோம் நகரின் கத்தோலிக்கக் கோயில்களையும் பசிலிக்காக்களையும் காணச் செல்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ரோமில் எத்தனை கோயில்கள் உள்ளன? அவற்றுள் எவற்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும்?

நகரில் 900க்கும் மேற்பட்ட கத்தோலிக்கக் கோயில்கள் இருப்பதாகச் சொல்வார்கள். ஒரு வாழ்நாள் முழுவதும் அங்கேயே குடியிருப்பவர்கூட அவை அனைத்தையும் பார்த்து முடிப்பதில்லை. திருப்பயணமாக வருவோர் நான்கு பெரும் பசிலிக்காக்களுக்கும் செல்வது நெடுங்கால வழக்கம். வத்திக்கானில் உள்ள புனித பேதுரு, இலாத்தரனில் உள்ள புனித யோவான், எஸ்குவிலினோ குன்றின் மேல் உள்ள புனித மரியா மஜ்ஜோரே, பழைய நகர மதிலுக்கு வெளியே உள்ள புனித பவுல் ஆகியவையே அந்த நான்கு. இவற்றோடு நான்கைந்து சிறிய கோயில்களைத் தேர்ந்தெடுத்து நிதானமாகப் பார்த்தாலே போதும். ஒரே நாளில் பதினைந்து கோயில்களுக்குள் நுழைந்து வெளியேறும் குழுக்களை அங்கே நிறையக் காணலாம். மாலையில் அவர்களிடம் கேட்டால் எந்தக் கூரை எந்தக் கோயிலினுடையது என்பதே நினைவில் இருக்காது.

பசிலிக்கா என்பதும் ஆயரின் தலைமைக் கோயில் என்பதும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. மறைமாவட்ட ஆயரின் இருக்கை அமைந்துள்ள கோயிலே அந்த மறைமாவட்டத்தின் தலைமைக் கோயில், அதாவது கதீட்ரல். பசிலிக்கா என்பது திருத்தந்தை ஒரு கோயிலுக்கு வழங்கும் சிறப்புத் தகுதி. நம் ஊரிலேயே இதற்குச் சான்று உண்டு. வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதா கோயில் பசிலிக்கா. ஆனால் அது அமைந்துள்ள தஞ்சை மறைமாவட்டத்தின் கதீட்ரல் தஞ்சாவூரில் உள்ள திரு இருதயக் கோயில். சென்னை சாந்தோமோ இரண்டு தகுதிகளையும் ஒருங்கே கொண்டது. உலகெங்கும் உள்ள பசிலிக்காக்களுள் பெரும் பசிலிக்கா என்னும் தகுதி மேற்சொன்ன நான்குக்கு மட்டுமே உரியது.

பலருக்கு வியப்பளிக்கும் செய்தி ஒன்று உண்டு. ரோம் மறைமாவட்டத்தின் ஆயர் என்ற முறையில் திருத்தந்தையின் கதீட்ரல் புனித பேதுரு பேராலயம் அன்று, இலாத்தரனே அது.

புனித பேதுரு பேராலயத்துக்குள் நுழையக் கட்டணம் உண்டா?

இல்லை. திருப்பலிக்கும் செபத்துக்கும் வருவோரிடமோ சுற்றிப் பார்க்க வருவோரிடமோ நுழைவுக் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் சதுக்கத்தின் ஓரத்தில் விமான நிலையத்தில் நடப்பது போன்ற பாதுகாப்புச் சோதனை உண்டு. அதற்கான வரிசை பத்து மணிக்கு மேல் சதுக்கத்தை அரைவட்டமாகச் சுற்றி வளைந்துவிடும். பேராலயம் காலை 7 மணிக்கே திறந்துவிடுகிறது. அந்நேரத்தில் சென்றால் வரிசை சிறிதாக இருக்கும். பக்கப் பலிபீடங்களில் குருக்கள் சிறு குழுக்களாகத் திருப்பலி நிறைவேற்றிக் கொண்டிருப்பார்கள். அவ்வளவு பெரிய கட்டடம் ஒரு பங்குக் கோயிலைப் போல் இயங்குவதைக் காணலாம். எட்டரை மணிக்குப் பிறகு இந்தக் காட்சி இருக்காது. "வரிசையில் நிற்காமல் அழைத்துச் செல்கிறோம்" என்று சதுக்கத்தில் நின்று கூவி விற்பவர்களிடம் விலகியே இருங்கள்; இலவசமாக நுழையக்கூடிய இடத்துக்கு அவர்கள் பணம் கேட்கிறார்கள்.

உள்ளே எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் அந்த இடத்தின் காரணத்தை நினைவில் கொள்ள வேண்டும். நீரோ மன்னனின் காலத்தில் இந்த வட்டாரத்தில் இருந்த பந்தய அரங்கில் பேதுரு கொல்லப்பட்டு, அருகிலிருந்த இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார் என்பது தொன்மையான மரபு. அந்தக் கல்லறையின் மேல் 4ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் பேரரசர் எழுப்பிய கோயில் ஏறக்குறைய 1,200 ஆண்டுகள் நின்றது. திருத்தந்தை இரண்டாம் ஜூலியஸ் 1506இல் புதிய கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார். அது 1626இல்தான் நேர்ந்தளிக்கப்பட்டது. பிரமாந்தே, ரஃபேல், மைக்கலாஞ்சலோ, மதெர்னோ எனக் கட்டடக் கலைஞர்கள் மாறிக்கொண்டே இருந்த அந்த 120 ஆண்டுகளில் வரைபடமும் பலமுறை மாறியது.

நுழைந்தவுடன் வலப்புறத்தில் மைக்கலாஞ்சலோவின் வியாகுல மாதா சுரூபம் உள்ளது. 1499இல், இருபத்தைந்து வயதை எட்டுவதற்கு முன்பே அவர் இதைச் செதுக்கி முடித்தார். 1972இல் ஒருவர் சுத்தியலால் இதைத் தாக்கிச் சிதைத்த பிறகு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். நடுக்கூடத்தின் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தால், உலகின் பிற பெரிய கோயில்களின் நீளம் ஆங்காங்கே உலோக எழுத்துகளால் குறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். சிறிது தற்பெருமைதான், ஆனாலும் கட்டடத்தின் அளவைப் புரிந்துகொள்ள அதைவிட எளிய வழி இல்லை. பலிபீடங்களுக்கு மேலே ஓவியங்கள் போலத் தோன்றுபவற்றுள் பெரும்பாலானவை மிகச் சிறிய கற்களைப் பதித்து உருவாக்கிய மொசைக்குகள். நடுப் பலிபீடத்துக்கு மேல் பெர்னினி எழுப்பிய வெண்கல விதானம் ஏறக்குறைய 29 மீட்டர் உயரமுடையது. அது நேர் கீழே இருக்கும் பேதுருவின் கல்லறையைச் சுட்டி நிற்கிறது. அதற்கு அருகில் அமர்ந்த நிலையில் உள்ள பேதுருவின் வெண்கலச் சுரூபத்தின் வலக்காலில் விரல்கள் தேய்ந்து மழமழவென்று ஆகிவிட்டன; பல நூற்றாண்டுகளாகத் திருப்பயணிகள் தொட்டும் முத்தமிட்டும் வந்ததன் விளைவு அது. ஜூன் 29, பேதுரு பவுல் பெருவிழா அன்று அந்தச் சுரூபத்துக்குத் திருத்தந்தையின் ஆடைகளை அணிவிப்பார்கள்.

பேதுருவின் கல்லறையை நேரில் பார்க்க முடியுமா?

பேராலயத்தின் கீழ்த்தளத்தில் திருத்தந்தையரின் கல்லறைகள் உள்ள பகுதிக்குப் பொதுவாக எல்லாரும் செல்லலாம். அதற்கும் கீழே, 1940களில் நடந்த அகழாய்வில் வெளிப்பட்ட பழைய ரோமானிய இடுகாடு உள்ளது. அதற்குள் செல்ல வத்திக்கானின் அகழாய்வு அலுவலகத்திடம் முன்பே எழுதி அனுமதி பெற வேண்டும். சிறு குழுக்களாக மட்டுமே அழைத்துச் செல்வதால் பல வாரங்களுக்கு முன்பே இடங்கள் நிரம்பிவிடுகின்றன. சிறு குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. காற்று புழுக்கமாகவும் பாதை குறுகலாகவும் இருப்பதால் மூச்சுத் திணறல் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. தேதி உறுதியானால் பயணத்தின் மற்ற ஏற்பாடுகளை அதைச் சுற்றி அமைத்துக்கொள்ளலாம். அந்த அளவுக்கு அது அரிய வாய்ப்பு.

குவிமாடத்தின் உச்சிக்கு ஏறுவது கடினமா?

முழுவதும் நடந்தால் 551 படிகள். மின்தூக்கியில் சென்றால் அது கூரைத் தளம் வரை மட்டுமே கொண்டுவிடும். அதற்கு மேல் 320 படிகளை எல்லாரும் நடந்தே ஏற வேண்டும். மேலே செல்லச் செல்லக் குவிமாடத்தின் வளைவுக்கேற்பச் சுவர் சாய்ந்து வருவதால் உடலையும் சாய்த்துக்கொண்டு ஏற வேண்டியிருக்கும். நடுவழியில் திரும்பி வர இடமில்லை. முழங்கால் வலி, இதய நோய், தலைச்சுற்றல் உள்ளவர்கள் கூரைத் தளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். பேராலயம் இலவசமானாலும் குவிமாடத்துக்குக் கட்டணம் உண்டு.

சிஸ்டைன் சிற்றாலயம் பேராலயத்துக்குள்தானே இருக்கிறது?

இல்லை. அது வத்திக்கான் அருங்காட்சியகங்களின் பகுதி. அதன் நுழைவாயில் வத்திக்கான் மதிலைச் சுற்றி நடந்தால் மறுபக்கத்தில் உள்ளது. அதற்குத் தனிக் கட்டணமும் தனி முன்பதிவும் தேவை. ஞாயிற்றுக்கிழமைகளில் அருங்காட்சியகங்கள் மூடப்பட்டிருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் விதிவிலக்காகக் கட்டணமின்றித் திறப்பார்கள், அன்று கூட்டம் தாங்க முடியாத அளவில் இருக்கும். சிற்றாலயத்துக்குள் படம் எடுக்கக் கூடாது, பேசவும் கூடாது.

திருத்தந்தையை எப்போது காணலாம்?

அவர் நகரில் இருக்கும் வாரங்களில் இரு வாய்ப்புகள் உண்டு. புதன்கிழமை காலை மறைக்கல்வியுரைக்கு அனுமதிச் சீட்டு தேவை. பாப்பிறை இல்ல நிர்வாகத்தின் வழியே அது இலவசமாகவே கிடைக்கும். ஞாயிறு நண்பகல் மூவேளை செபவுரைக்குச் சீட்டு எதுவும் தேவையில்லை. சதுக்கத்தில் நின்றால் போதும். புதன் நிகழ்வின் இறுதியில் திருத்தந்தை அளிக்கும் ஆசீர், கூடியிருப்போர் கையில் வைத்திருக்கும் செபமாலை, பதக்கம் போன்றவற்றுக்கும் பொருந்தும். ஆகவே ஊருக்கு எடுத்துச் செல்ல வேண்டிய செபமாலைகளை அன்று கையோடு கொண்டுபோவது வழக்கம். ஆனால் புதன் காலையில் நிகழ்வு முடியும் வரை பேராலயம் பார்வையாளர்களுக்குத் திறந்திருக்காது என்பதை மறந்துவிட்டு, அந்த ஒரே ஒரு காலைப் பொழுதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வந்து ஏமாறுவோர் பலர். உரையின் தமிழ்ச் சுருக்கத்தை வத்திக்கான் வானொலியின் தமிழ்ப் பிரிவு வெளியிடுகிறது.

இலாத்தரனுக்குக் கூட்டம் குறைவாக வருவது ஏன்? அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

அஞ்சலட்டைகளில் அந்தக் கோயில் இடம்பெறுவதில்லை என்பதே காரணமாக இருக்கலாம். உண்மையில் நான்கு பெரும் பசிலிக்காக்களுள் திருச்சபையின் வரலாற்றை மிகத் தெளிவாக உணர்த்துவது இதுதான் என்பது என் கருத்து. மறைத்துன்புறுத்தல்கள் ஓய்ந்ததும் கான்ஸ்டன்டைன் அளித்த நிலத்தில் எழுந்து, 324இல் நேர்ந்தளிக்கப்பட்டதாகக் கருதப்படும் இக்கோயில், "உலகக் கோயில்கள் அனைத்துக்கும் தாயும் தலையும்" என்ற அடைமொழியைத் தன் முகப்பில் தாங்கி நிற்கிறது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சின் தென்பகுதியில் உள்ள அவிஞோனுக்குப் போகும் வரை திருத்தந்தையர் வாழ்ந்ததும் இதை அடுத்திருந்த அரண்மனையில்தான்.

பெருந்தீயாலும் நிலநடுக்கத்தாலும் பலமுறை சிதைந்த இதன் உட்பகுதியை 1650இல் வந்த யூபிலி என்னும் புனித ஆண்டுக்காக பொரோமினி புதுப்பித்தார். தூண்களுக்கிடையே உள்ள மாடங்களில் பன்னிரு திருத்தூதர்களின் பேருருவச் சுரூபங்கள் நிற்கின்றன. தோலுரிக்கப்பட்டு மறைசாட்சியான பர்த்தலமேயு தம் தோலைக் கையில் ஏந்தியிருப்பார். தோமாவிடம் கட்டடக் கலைஞரின் மூலைமட்டம் இருக்கும். நடுவாயிலின் வெண்கலக் கதவுகள் பழைய ரோமானிய மேலவைக் கட்டடத்திலிருந்து கொண்டுவரப்பட்டவை. கோயிலுக்குப் பின்புறம் எண்கோண வடிவத் திருமுழுக்குக் கூடம் உள்ளது. அதையும் தவறவிடக் கூடாது.

சாலைக்கு எதிர்ப்புறம் உள்ளது புனிதப் படிக்கட்டு. பிலாத்துவின் மாளிகையில் இயேசு ஏறிய 28 பளிங்குப் படிகளை அரசி எலேனா எருசலேமிலிருந்து கொண்டுவந்தார் என்பது மரபு. அதில் நடந்து ஏறக் கூடாது. முழங்காலிட்டு, படிக்குப் படி செபித்தவாறே ஏற வேண்டும். பளிங்கின் மேல் மரப்பலகை பொருத்தியிருக்கிறார்கள். 2019இல் சீரமைப்புக்காகப் பலகைகளை அகற்றியபோது, திருப்பயணிகளின் முழங்கால்களும் கால்களும் பட்டுப் பட்டுப் பளிங்கு ஆழமாகக் குழிந்திருப்பது வெளிப்பட்டது. முழங்காலிட இயலாதவர்களுக்குப் பக்கத்தில் வேறு படிக்கட்டுகள் உண்டு. அவற்றில் நடந்து மேலே செல்லலாம்.

மரியா மஜ்ஜோரே பசிலிக்காவுக்கும் தூத்துக்குடி பனிமய மாதாவுக்கும் தொடர்பு இருப்பதாகச் சொல்கிறார்களே?

நேரடித் தொடர்பு உண்டு. பனிமய மாதா என்ற பெயரின் பிறப்பிடமே இந்தக் கோயில்தான். 4ஆம் நூற்றாண்டில், ரோம் கொதிக்கும் ஆகஸ்ட் மாதத்தில், எஸ்குவிலினோ குன்றின் மேல் பனி பொழிந்து, மாதா தமக்குக் கோயில் வேண்டிய இடத்தைக் காட்டினார் என்பது வழிவழியாக வரும் கதை. அதன் நினைவாக ஆண்டுதோறும் ஆகஸ்ட் 5 அன்று வழிபாட்டின்போது கூரையிலிருந்து வெண்ணிற மலரிதழ்களைப் பொழியச் செய்கிறார்கள். அதே நாளில்தான் தூத்துக்குடியிலும் பனிமய மாதா திருவிழா நிறைவடைகிறது. முத்துக்குளித்துறைக் குடும்பங்களிலிருந்து வருவோர் தங்கள் ஊர்த் திருவிழாவைத் தவறவிடும் ஆண்டில், அந்த நாளை ரோமில் கழிக்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

எபேசு பொதுச்சங்கம் 431இல் மரியாவை இறைவனின் தாய் என்று அறிக்கையிட்டதை அடுத்து, திருத்தந்தை மூன்றாம் சிக்ஸ்துஸ் காலத்தில் எழுந்ததே இன்றைய கட்டடத்தின் மையப் பகுதி. நடுக்கூடச் சுவர்களின் மேற்பகுதியில் ஆபிரகாம், மோசே, யோசுவா ஆகியோரின் வரலாற்றைச் சொல்லும் 5ஆம் நூற்றாண்டு மொசைக்குகள் இன்றும் உள்ளன. உயரத்தில் இருப்பதால் வெறுங்கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது; சிறிய இருநோக்காடி இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். பலிபீடத்தின் அடியில், பெத்லகேம் தீவனத் தொட்டியின் மரத்துண்டுகள் என வணங்கப்படும் அருளிக்கம் வைக்கப்பட்டுள்ளது.

இப்போது இங்கே வருவோரில் பலர் தேடி வருவது திருத்தந்தை பிரான்சிஸின் கல்லறையை. அவர் ஒவ்வொரு வெளிநாட்டுப் பயணத்துக்கு முன்னும் பின்னும் இங்குள்ள பழமையான மரியன்னை ஓவியத்தின் முன் வந்து செபிப்பார். தம்மையும் அங்கேயே அடக்கம் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். 2025 ஏப்ரல் 21 அன்று இறந்த அவர், ஏப்ரல் 26 அன்று பக்கக் கூடத்தில் அடக்கம் செய்யப்பட்டார். கல்லில் அவருடைய பெயரின் இலத்தீன் வடிவம் மட்டுமே பொறிக்கப்பட்டுள்ளது. ரோமின் பாதி அழகுக்குக் காரணமான பெர்னினியும் இதே கோயிலில், பலிபீடத்தின் அருகே ஒரு சாதாரணத் தரைக்கல்லின் கீழ் உறங்குகிறார். பலர் கவனிக்காமல் கடந்து போய்விடுகிறார்கள்.

புனித பவுல் பசிலிக்கா நகருக்கு வெளியே இருக்கிறதே, அவ்வளவு தொலைவு போக வேண்டுமா?

பி வழித்தட மெட்ரோவில் ஏறினால் கோயிலின் பெயரையே தாங்கிய நிலையத்தில் இறங்கிவிடலாம். தொலைவு ஒரு பொருட்டே அன்று. 1823 ஜூலை 15 இரவு, கூரையைப் பழுதுபார்த்தவர்களின் கவனக்குறைவால் மூண்ட தீயில் பழைய கோயிலின் பெரும்பகுதி அழிந்தது. அப்போது மரணப் படுக்கையில் இருந்த திருத்தந்தை ஏழாம் பயஸிடம் இந்தச் செய்தியைச் சொல்லாமலே மறைத்துவிட்டார்கள்; அடுத்த மாதம் அவர் இறந்தார். பழைய வடிவத்திலேயே மீண்டும் கட்டப்பட்டு, 1854இல் நேர்ந்தளிக்கப்பட்ட கோயிலையே இன்று காண்கிறோம். 80 கருங்கல் தூண்கள் நிற்கும் அதன் நடுக்கூடம் ஓர் ஏகாந்தமான இடம். தூண்களுக்கு மேலே பேதுரு முதல் இன்று வரையுள்ள திருத்தந்தையர் அனைவரின் உருவங்களும் வட்டச் சட்டங்களில் வரிசையாக உள்ளன. வெற்று வட்டங்கள் தீரும்போது உலகம் முடியும் என்று ரோமானியர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

பலிபீடத்தின் அடியில் பவுலின் கல்லறைப் பேழையின் ஒரு பக்கத்தைக் காணலாம். அதிலிருந்து எடுத்த எலும்புத் துணுக்குகள் முதலாம் அல்லது இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என ஆய்வில் தெரியவந்ததை 2009இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அறிவித்தார். 13ஆம் நூற்றாண்டில் வண்ணக் கற்கள் பதித்துச் செய்த முறுக்குத் தூண்கள் கொண்ட துறவியர் முற்றமும் தீயிலிருந்து தப்பியது.

புனிதக் கதவு வழியாக இப்போது நுழைய முடியுமா?

முடியாது. நான்கு பெரும் பசிலிக்காக்களிலும் உள்ள புனிதக் கதவுகள் யூபிலி ஆண்டில் மட்டுமே திறக்கப்படும். 1300இல் திருத்தந்தை எட்டாம் போனிபாஸ் தொடங்கிய யூபிலி, இப்போது வழக்கமாக 25 ஆண்டுகளுக்கு ஒரு முறை வருகிறது. 2025 யூபிலிக்காக 2024 டிசம்பர் 24 அன்று திறக்கப்பட்ட புனித பேதுரு பேராலயக் கதவு 2026 ஜனவரி 6 அன்று மூடப்பட்டது. இடையில் திருத்தந்தையர் சிறப்பு யூபிலி அறிவிப்பதும் உண்டு. 2015, 2016இல் நடந்த இரக்கத்தின் யூபிலி அத்தகையது.

தமிழர்களுக்குத் தனிப்பட்ட முறையில் நெருக்கமான இடங்கள் வேறு எவை?

வெனீசியா சதுக்கத்துக்கு அருகில் உள்ள இயேசு சபையின் தாய்க் கோயிலான ஜெசுவை முதலில் சொல்வேன். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, கடற்கரை ஊர்தோறும் நடந்து திருமுழுக்கு அளித்த புனித சவேரியாரின் உடல் கோவாவில் இருப்பது எல்லாருக்கும் தெரியும். அவருடைய வலக்கையின் முன்பகுதி மட்டும் 1614இல் பிரிக்கப்பட்டு ரோமுக்கு அனுப்பப்பட்டது. மணப்பாட்டு மக்களின் முன்னோருக்குத் திருமுழுக்கு அளித்த அந்தக் கை, ஜெசுவின் வலப்புறச் சிற்றாலயத்தில் உள்ளது. நேர் எதிரே அவருடைய நண்பர் இஞ்ஞாசியாரின் கல்லறை. மாலை ஐந்தரை மணிக்குச் சென்றால், அக்கல்லறைக்கு மேலே உள்ள பெரிய ஓவியம் இசையோடும் விளக்கொளியோடும் மெல்லக் கீழிறங்கி, பின்னால் மறைந்திருக்கும் இஞ்ஞாசியாரின் சுரூபம் வெளிப்படுவதைப் பார்க்கலாம். இருவரும் 1622 மார்ச் 12 அன்று ஒரே நாளில் புனிதர் பட்டம் பெற்றவர்கள்.

இலாத்தரனிலிருந்து சிறிது நேரம் நடந்தால் எருசலேம் திருச்சிலுவைக் கோயில் வரும். எலேனா கொண்டுவந்த சிலுவைத் துண்டுகளோடு, இயேசுவின் காயத்தைத் தொட்டதாகக் கருதப்படும் தோமாவின் விரலும் அங்கே வைக்கப்பட்டுள்ளது. சாந்தோமில் அவருடைய கல்லறையைக் கண்டவர்களுக்கு இது ஒரு தொடர்ச்சி.

புனித பேதுரு சதுக்கத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நட்டாலத்தில் நீலகண்ட பிள்ளையாகப் பிறந்து, 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயத்துக்கு 2022 மே 15 அன்று புனிதர் பட்டம் வழங்கப்பட்டது அங்கேதான்.

எப்படி உடுத்திச் செல்ல வேண்டும்? செருப்பைக் கழற்ற வேண்டுமா?

தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். இது ஆண்களுக்கும் பொருந்தும். புனித பேதுருவில் அரைக்கால் சட்டையோடு வருவோரை வாயிலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். சேலை, சுடிதார், வேட்டி எதற்கும் தடையில்லை. கையில்லாத மேலாடை அணிந்தால் ஒரு துப்பட்டா அல்லது சால்வை போதும். ஆண்கள் உள்ளே சென்றதும் தொப்பியைக் கழற்றிவிட வேண்டும். செருப்பைக் கழற்றும் வழக்கம் ரோமில் இல்லை. வேளாங்கண்ணியில் வெறுங்காலோடு நடந்து பழகியவர்களுக்குத் தயக்கமாக இருக்கும். ஆயினும் அங்கே வாசலில் விட்டுச் சென்ற செருப்பு திரும்பி வரும்போது இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

கோயில்கள் எந்த நேரத்தில் திறந்திருக்கும்?

பெரும் பசிலிக்காக்கள் காலை முதல் மாலை வரை இடைவிடாமல் திறந்திருக்கும். சிறிய கோயில்கள் பெரும்பாலும் நண்பகல் பன்னிரண்டரை மணியளவில் மூடி, மூன்றரை அல்லது நான்கு மணிக்கே மீண்டும் திறக்கும். ரோமில் திட்டங்கள் கெடுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை. ஆகவே காலையிலும் மாலையிலும் சிறியவை, நடுப்பகலில் பெரியவை என்று வகுத்துக்கொள்வது நல்லது. ஞாயிறு காலையில் திருப்பலிகள் தொடர்ந்து நடப்பதால் சுற்றிப் பார்க்க இயலாது.

புகழ்பெற்ற ஓவியங்களைப் பார்க்க அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டுமா?

ரோமின் பெருந்தன்மை இதில்தான் தெரிகிறது. பிற நகரங்களில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துக் கட்டணம் வாங்கும் படைப்புகள், இங்கே வரையப்பட்ட இடத்திலேயே, எந்தப் பலிபீடத்துக்காக வரையப்பட்டனவோ அதன் மேலேயே இருக்கின்றன. நவோனா சதுக்கத்தை ஒட்டிய பிரெஞ்சுக்காரர்களின் புனித லூயி கோயிலில் கரவாஜ்ஜோ வரைந்த மத்தேயு வரலாற்று ஓவியங்கள் மூன்று உள்ளன. மத்தேயுவை இயேசு அழைக்கும் காட்சியில் வரும் ஒளி, உண்மையான சாளரத்தின் திசையிலிருந்தே வருவதாக அமைந்திருப்பதை அந்த இடத்தில் நின்றால் மட்டுமே உணர முடியும். அருகில் உள்ள புனித அகுஸ்தீன் கோயிலில், மாதாவின் முன் முழங்காலிட்ட ஏழைத் திருப்பயணியின் அழுக்குப் படிந்த பாதங்கள் பார்ப்பவரின் முகத்துக்கு நேரே நீண்டிருக்கும். போப்போலோ சதுக்கத்து மாதா கோயிலில் பவுலின் மனமாற்றமும் பேதுரு சிலுவையில் அறையப்படுவதும் எதிரெதிராக உள்ளன. சங்கிலிகளின் புனித பேதுரு கோயிலில் மைக்கலாஞ்சலோவின் மோசே இருக்கிறார். சிற்றாலயங்கள் இருண்டிருக்கும், பெட்டியில் நாணயம் போட்டால் சில நிமிடங்கள் விளக்கு எரியும். ஆகவே சில்லறை வைத்திருங்கள்.

புனித இஞ்ஞாசியார் கோயிலின் குவிமாடத்தையும் பாருங்கள். அங்கே குவிமாடமே கிடையாது. 1685இல் அந்திரேயா போத்சோ தட்டையான துணியில் வரைந்த ஓவியம் அது. தரையில் குறியிட்ட இடத்தில் நின்றால் உண்மைக் குவிமாடமாகத் தோன்றும், சில அடி விலகினால் சரிந்துவிடும்.

ஒரே ஒரு சிறிய கோயிலுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால்?

கொலோசியத்திலிருந்து இலாத்தரனுக்குப் போகும் வழியில் உள்ள புனித கிளமெந்து கோயில். தெரு மட்டத்தில் இருப்பது தகதகக்கும் மொசைக் கொண்ட 12ஆம் நூற்றாண்டுக் கோயில். படியிறங்கினால் 4ஆம் நூற்றாண்டுக் கோயில். இன்னும் இறங்கினால் கிறிஸ்துவின் காலத்தை ஒட்டிய ரோமானியக் கட்டடங்களும், அவற்றினுள் மித்ரா தெய்வத்தின் வழிபாட்டுக் கூடமும். சுவருக்குப் பின்னே பழைய கால்வாயில் நீர் ஓடும் ஓசை இன்றும் கேட்கும். மேல்தளம் இலவசம், கீழ்த்தளங்களுக்குக் கட்டணம் உண்டு.

கிறிஸ்தவர் அல்லாதோர் உள்ளே வரலாமா? திருப்பலியில் அமரலாமா?

தாராளமாக வரலாம்; அமரலாம். நற்கருணை வாங்குவது மட்டும் கத்தோலிக்கருக்கு உரியது. அந்நேரத்தில் இருக்கையிலேயே இருந்துவிட்டால் யாரும் தவறாக எண்ண மாட்டார்கள். வழிபாடு நடக்கும்போது படமெடுத்துக்கொண்டு உலவுவதே உண்மையான அவமதிப்பு. மற்ற நேரங்களில் ஃபிளாஷ் இல்லாமல் படமெடுக்கப் பெரும்பாலும் தடையில்லை. ஒப்புரவு அருட்சாதனம் பெற விரும்புவோருக்குப் பெரும் பசிலிக்காக்களில் பல மொழிக் குருக்கள் இருப்பார்கள். அவர்கள் பேசும் மொழிகள் அறையின் மேல் எழுதப்பட்டிருக்கும்.

பாந்தியோனும் கோயில்தானா?

ஆம். ரோமானியர் கட்டிய இது 609இல் மறைசாட்சிகளின் மாதா கோயிலாக மாற்றப்பட்டது; இடிபடாமல் தப்பியதற்கு அதுவும் ஒரு காரணம். 2023 ஜூலை முதல் சுற்றுலாப் பயணிகளுக்குக் கட்டணம் உண்டு. திருப்பலிக்கு வருவோருக்கு இல்லை.

ஏழு கோயில் திருப்பயணம் என்பது என்ன?

நான்கு பெரும் பசிலிக்காக்களோடு புனித செபஸ்தியார், எருசலேம் திருச்சிலுவை, மதிலுக்கு வெளியே உள்ள புனித லாரன்சு ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் நடந்து தரிசிப்பது அது. 16ஆம் நூற்றாண்டில் புனித பிலிப்பு நேரி இதைப் பரவலாக்கினார். அவர் காலத்தில் வழியில் பாட்டும் தோட்டத்தில் அமர்ந்து உண்பதும் உண்டு. 2000 யூபிலியில் செபஸ்தியார் கோயிலுக்குப் பதிலாக நகருக்கு வெகு தொலைவில் உள்ள இறையன்பு மாதா திருத்தலம் சேர்க்கப்பட்டது. நடந்து செல்வோர் பெரும்பாலும் பழைய பட்டியலையே பின்பற்றுகிறார்கள். மொத்தம் ஏறக்குறைய 20 கி.மீ. இருக்கும். கோடையில் வேண்டாம், மார்ச், ஏப்ரல், அக்டோபர் மாதங்கள் ஏற்றவை. தெருவோரக் குழாய்களில் ஓடும் நீர் குடிக்க நல்லது. ஒரு காலிப் புட்டி போதும்.

மூன்று நாள்கள் மட்டுமே இருந்தால் எப்படி வகுத்துக்கொள்வது?

ஒரு நாள் காலை ஏழு மணிக்குப் புனித பேதுரு, பிறகு குவிமாடம். பிற்பகலில் மெட்ரோவில் புனித பவுல். மறுநாள் கிழக்குப் பகுதி: தெர்மினி நிலையத்திலிருந்து நடந்து மரியா மஜ்ஜோரே, அதன் பின்னால் 9ஆம் நூற்றாண்டு மொசைக்குகள் கொண்ட புனித பிரசேதா, நடுப்பகலில் இலாத்தரன், பிறகு புனிதப் படிக்கட்டு, திருச்சிலுவை, திரும்பும் வழியில் கிளமெந்து. மூன்றாம் நாள் நகர மையம்: காலையில் கரவாஜ்ஜோ இருக்கும் கோயில்கள், மதியம் பாந்தியோன், நான்கு மணிக்குப் புனித இஞ்ஞாசியார், ஐந்தரைக்கு ஜெசு. முதியவர்கள் உடன் வந்தால் இரண்டாம் நாளில் திருச்சிலுவையை விட்டுவிடலாம். கருங்கல் பாவிய தெருக்கள் கால்களை வெகு விரைவில் களைக்கச் செய்யும். புதன்கிழமை எந்த நாளில் விழுகிறது என்பதை மட்டும் முதலில் பார்த்துவிட்டு வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்.